நீலப் பரலில் இருந்த இரண்டு தேரைகள்

என் அன்பு மச்சான் தயா,

மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் போனைப் பறித்து நீயே வாசித்திருப்பாய். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் தேரை புதியது இல்லை. யாழ்ப்பாணத்துக்கென்று தனியான ஒரு மரத்தவளை இனம் கிடையாது. இரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், குளியலறைகளிலும் கிணற்றடிகளிலும் நாம் பிடித்ததெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற அதே பழைய புள்ளித் தேரைதான்.

உனக்குக் கவலையாக இருக்கும். எனக்குக் கவலைகூட வரவில்லை. மின்னஞ்சலை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தேரை காலை மடித்துக்கொண்டு நித்திரை. அதைப் பார்த்ததும் இன்னும் களைப்பாக இருந்தது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுத உன் அம்மாவும் உன் தங்கை வினோவும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சம்மதம் லேசில் கிடைக்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருடம், உன் ஆட்டைத் திவசம் முடிந்துவிட்டது. உன்னை அடித்த டிப்பர் வேறொரு சாரதியோடு அதே வீதியில் அதே வேகத்தில் மணல் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. வழக்குக்குத் தவணைக்கு மேல் தவணை. மழை தொடங்கிவிட்டது. வீதியோரக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. வேறென்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை.

நீ போன அன்று பின்னேரம் நாங்கள் அச்சகத்தில் நின்றோம். எங்களோடு கம்பஸில் படித்தவர்கள் சேர்ந்து உனக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கப் போயிருந்தோம். கணினிக்கு முன்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “பிறப்பிடம் எது, வதிவிடம் எது?” எங்கள் ஊரில் சாவு அறிவித்தல் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலு வருடம் வகுப்பில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். “சும்மா யாழ்ப்பாணம் எண்டு போடுங்கோ” என்று சொன்னவன் நான்.

அந்த நோட்டீஸ் இன்னும் சந்தி மதிலில் பாதி கிழிந்து ஒட்டியிருக்கிறது. உன் முகம் இருக்கிறது. ஊர் இல்லை.

வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தேரை விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்.

இந்தியாவிலிருந்து யப்பான் வரைக்கும் ஆசியா முழுக்க இந்த மரத்தவளைகள் இருக்கின்றன. விரல் நுனியில் வட்டமான ஒட்டுத் தட்டு இருக்கும். சுவரில் ஏறும், யன்னல் கண்ணாடியில் ஏறும். இவற்றில் பல, தண்ணீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ, காலால் நுரை அடித்து அதற்குள் முட்டையிடும். முட்டை பொரித்து வரும் வாற்பேத்தைக் குஞ்சுகள் நுரைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். பழைய ஆட்கள் இவற்றைத் தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். விரலிடைச் சவ்வு எவ்வளவு, தலைத்தோல் மண்டையோட்டோடு ஒட்டியிருக்கிறதா, முதுகில் உடுக்குப் போல அடையாளம் இருக்கிறதா, பின்தொடையில் மஞ்சள் புள்ளி இருக்கிறதா. ஒரே மாதிரி இருந்தால் சொந்தம், வேறு மாதிரி இருந்தால் பிறத்தி.

பிறகு மரபணுவை வாசிக்கப் பழகினார்கள். அதோடு பழைய பட்டியல் ஆட்டம் கண்டது. நெடுங்காலம் ஒரே பெயருக்குள் கிடந்தவை தூரத்து உறவாகப் போயின. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று ஒதுக்கி வைத்தவை ஒரே கிளையில் போய் உட்கார்ந்தன. தெற்கு மலைக்காடுகளில் இருக்கிற சிலவற்றை எங்கள் புள்ளித் தேரையின் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு மரமேறி என்று பொருள்.

அதை வாசித்த அன்று நீ நூலகத்தில் சத்தமாகச் சிரித்தாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “மச்சான், உந்தச் சொல்லாலை அப்பாவைக் கூப்பிட்டவனுக்கு அப்பா ஒருக்கா அடிச்சவர். பொலிஸ்வரைக்கும் போனது. தவளைக்கு அது பட்டமாம்” என்றாய். உன் அப்பா பனை ஏறினவர். கடைசி யுத்தத்தில் வன்னியில் இல்லாமல் போனவர். நீ சிரித்து முடித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாய். எதற்கென்று நான் கேட்கவில்லை.

“இந்தக் குடாநாட்டிலை புதுசா ஒண்டு இருக்கவேணும் மச்சான்” என்று அடிக்கடி சொல்வாய். “இன்னும் ஆரும் பேர் வைக்காத ஒண்டு.” அது விஞ்ஞானி பேசுகிற பேச்சு இல்லை என்று நான் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். அது என்ன பேச்சு என்று இப்போதுதான் விளங்குகிறது.

எங்கள் வேலைக்குக் காடு தேவைப்படவில்லை. பகலில் தேரை வீட்டுக் குளியலறையில் தூங்கும். கண்ணாடிக்குப் பின்னால், குழாய்க்குள்ளே, வாளிக் கரையில். ஆகவே கம்பஸ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசல் படலையைத் தட்டினோம். தேரையைப் பிடிப்போம், படம் எடுப்போம், ஒரு விரல் நுனியைத் துளி வெட்டிச் சின்னக் குப்பிக்குள் ஸ்பிரிட்டில் போடுவோம், தேரையை விட்டுவிடுவோம். குப்பிக்குள்ளேயே சீட்டு ஒன்று. பென்சிலால் எழுதியது, ஏனென்றால் மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இடம், திகதி, சேகரித்தவர். இடம் பிழைத்தால் குப்பியே வீண்.

தேரையைப் பிடிக்கிறது சுகம். படலையைத் தாண்டுகிறதுதான் கஷ்டம்.

மானிப்பாயில் அந்த வீடு நினைவிருக்கிறதா? நைட்டிக்கு மேல் துவாய் போட்டுக்கொண்டு வந்த அன்ரி.

“ஆர் தம்பியவை? என்ன விக்கிறியள்?”

“ஒண்டும் விக்கேல்லை அன்ரி. உங்கடை பாத்றூமிலை தேரை இருக்கோ எண்டு பாக்கவேணும்.”

“உதையோ கம்பசிலை படிப்பிக்கினம்?”

“ஓம் அன்ரி. இதுக்குப் பட்டமும் தருவினம்.”

“ஒண்டு இருக்குத்தான். உப்புப் போட்டும் போகுதில்லை. மகள் வேறை பிள்ளைத்தாச்சி. தேரை பாய்ஞ்சா வயித்துப் பிள்ளை மெலிஞ்சு போகுமாம். கொண்டு போங்கோ, திருப்பிக் கொண்டு வராதேங்கோ.”

உள்ளே கூப்பிட்டுவிட்டு, படலைக் கொளுக்கியில் கை வைத்தபடி நின்றார். அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்வி வந்தது.

“தம்பி எந்த இடம்?”

“நல்லூர்” என்றேன். நல்லூரில் எங்கே, ஆரின்ரை மகன் என்று கேட்டார். சொன்னேன். “அட, அவையோ” என்று முகம் மலர்ந்தார். பிறகு உன்னைப் பார்த்தார். “அப்ப இந்தத் தம்பி?”

“நானும் நல்லூர்தான் அன்ரி. இவன்ரை வீட்டுக்குப் பக்கத்திலை.”

கண் இமைக்காமல் சொன்னாய். கொளுக்கி கழன்றது. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது என் முதுகில் தட்டிக் கேட்டாய்: “மச்சான், நான் உங்கடை எத்தினையாவது பக்கத்து வீட்டுக்காரன்?”

நான் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்தேன். நீ என் ஊரைச் சொன்னது எனக்கு ஏதோ நான் உனக்குச் செய்கிற உதவி மாதிரி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்பி வருவோம் என்று நான் ஒரு படலையிலாவது சொன்னதில்லை. தேரை வேண்டுமே.

ஒரு இடத்தில் மட்டும் பொய் எடுபடவில்லை. வீட்டுக்காரருக்கு நல்லூரில் எல்லாரையும் தெரியும். “உங்கை அப்பிடி ஒரு வீடு இல்லையே தம்பி” என்றார். நீ வீதியில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாய். நான் உள்ளே போய் எடுத்து வந்தேன். அந்தக் குப்பிச் சீட்டில் சேகரித்தவர் என்ற இடத்தில் நீயே என் பெயரை எழுதினாய். “சரியாத்தானே எழுதவேணும்” என்றாய். அந்த அளவுக்கு நேர்மையான மனிதன் நீ. அதை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேள்.

முடிவோடு சேர்த்து, தெற்கில் எங்கள் குப்பிகளைப் பரிசோதித்த ஆய்வுகூடத்துப் பெண்மணி ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். குடாநாட்டுத் தேரைகள் எல்லாம் ஒரே கொத்தாக நிற்கின்றன. இரண்டு மட்டும் விலகிப் போய், குடாநாட்டுக்கு வெளியே வன்னியில் எடுத்த தேரைகளோடு நிற்கின்றன. இனம் ஒன்றுதான், கிளை வேறு. பதினேழாம் பதினெட்டாம் குப்பிகள். இடம் நல்லூர் என்று இருக்கிறது. நல்லூருக்கு நடுவில் வன்னித் தேரை எப்படி வரும்? சீட்டில் பிழை இருக்கிறதா? உறுதிப்படுத்த முடியாவிட்டால் இந்த இரண்டையும் நீக்கிவிடலாமா?

மரியாதையான கடிதம். ‘எந்த இடம்’ என்ற கேள்வியை உண்மையிலேயே இடத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

உன் குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து. “17, 18. நல்லூர். கிணற்றடி. நீலப் பரல், வெளிப்பக்கம், வாழைக்குக் கிட்ட. காலை. நுரைக்கூடு ஒன்றும் உண்டு.” சேகரித்தவர், நீ. அன்று நான் காய்ச்சலில் கிடந்தேன், நீ தனியாகப் போனாய். நல்லூரில் எங்கள் வீட்டைத் தவிர நமக்கு வேறு வீடு கிடையாது. ஆகவே எங்கள் வீடு என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பரல் இல்லை. வாழை இல்லை. கிணற்றுக்கு வலை போட்டு, மோட்டர் பூட்டி, சுற்றிவரச் சீமெந்து இழுத்திருக்கிறது. இதையெல்லாம் விட, நீ ஒருநாளும் எங்கள் கிணற்றடிக்கு வந்ததில்லை. முன் விறாந்தைக் கதிரைக்கு அப்பால் நீ வந்ததில்லை. நீ வருகிறாய் என்றால் அம்மா கடைக்கு ஆள் அனுப்பிச் சோடா எடுப்பிப்பார். மற்றவர்களுக்கு எங்கள் கோப்பையில் தேத்தண்ணி, உனக்குப் போத்தலில் சோடா. போத்தலை நீயே வெளியே வைத்துவிட்டுப் போவாய். “உங்கடை வீட்டுத் தேத்தண்ணி எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது மச்சான். ஆனா உங்கடை அம்மாவாலை சோடாக்காரன் பிழைக்கிறான்” என்று ஒருமுறை சொன்னாய். அதற்கும் சிரித்தேன்.

நீலப் பரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுப் பின்பக்கம், வாழைக்குக் கீழே நிற்கிறது.

மச்சான், உன் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து, உன் வீட்டுத் தேரையின் விரல் நுனியை வெட்டி, உன் கையால் நல்லூர் என்று எழுதியிருக்கிறாய். அங்கே படலை இல்லை. அன்ரி இல்லை. உன்னை யார் கேட்டது? கேட்டுக் கேட்டு, யாரும் கேட்காதபோதும் கை அதையே எழுதப் பழகிவிட்டதா? அல்லது இது நாளைக்கு அச்சில் வரும், பெயருக்குப் பக்கத்தில் ஊர் வரும் என்று பயந்தாயா? யாரோ வீட்டுச் சீட்டில் என் பெயரைச் சரியாக எழுதியவன், உன் வீட்டுச் சீட்டில் உன் ஊரை எழுதவில்லை.

ஒன்றை மறைக்க விருப்பமில்லை. நான் அந்தப் பெண்மணிக்குப் பதில் எழுதினேன். ‘உறுதிப்படுத்த முடியவில்லை, நீக்கிவிடுங்கள்.’ எழுதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். நீக்கினால் யாருக்கும் பிரச்சினை இல்லை. நல்லூர் என்றே விட்டால் பொய். திருத்தினால், உன் ஊர் தெரியவரும், அதோடு நீ எங்கள் கிணற்றடியை மிதிக்கவில்லை என்பதும் தெரியவரும். முதலாவதற்காகத் தயங்குகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டாவதுதான்.

மூன்றாம் நாள் அந்தப் பதிலை அழித்துவிட்டு உன் வீட்டுக்குப் போனேன்.

அரியாலை தாண்டி, கடனீரேரிப் பக்கம் திரும்பினால் தார் முடிந்துவிடும். புளியந்திட்டி. இதோ எழுதிவிட்டேன். வழியெல்லாம் வெள்ளம். உன் அம்மா தகரக் கொட்டிலுக்குள் அடுப்பூதிக்கொண்டு இருந்தார். வினோ கட்டிலில் கொப்பிகள் திருத்திக்கொண்டு இருந்தாள். அவள் நல்லூர்ப் பக்கத்தில் ஒரு ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறாள் என்று உனக்குத் தெரியும். அங்கே அவள் ‘அரியாலை’ என்று சொல்லி வைத்திருக்கிறாள் என்றும் உனக்குத் தெரியும்.

“தேத்தண்ணி குடிப்பீரோ தம்பி, இல்லாட்டி சோடா எடுப்பிக்கட்டோ?” என்று உன் அம்மா கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நீ எல்லாம் சொல்லியிருக்கிறாய். தேத்தண்ணி குடித்தேன். முன்பும் உன் வீட்டில் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைப் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டே குடித்திருக்கிறேன்.

பரலைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவோ? முகாமிலையிருந்து விட்டாப் பிறகு வன்னியிலை என்ரை தங்கச்சி வீட்டை மூண்டு வருசம் இருந்தனாங்கள். வரேக்கை அவள் தந்தவள். ஒரு லொறியிலை தகரம், வாழைக்குட்டி, பரல், நாங்கள். பாத்திரமெல்லாம் பரலுக்குள்ளை அடைஞ்சு கொண்டு வந்தது. இஞ்சை வந்து மூடியைத் திறந்தா தேரை ஒண்டு பாய்ஞ்சு போச்சு. இவள் பயத்திலை கத்தின கத்து.”

“நான் கத்தேல்லை. எங்கடை அண்ணைதான் கத்தினது” என்றாள் வினோ கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான் மச்சான். வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்களோடு அதுவும் திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தேரையின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் அந்த இரண்டும். அப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பெண்மணியும் பிறகு எழுதினார். ஆனால் சீட்டில் சரியான ஊர் இருந்தால்தான். இல்லாவிட்டால் அது ஒரு பிழை, குப்பை.

இதை இருவருக்கும் விளங்கப்படுத்தினேன். உன் அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். பிறகு கேட்டார்: “தவளைக்குமோ இடம் கேக்கிறாங்கள்?”

கேட்டுவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். புகையில் கண் கலங்கியிருந்தது, அல்லது புகை இல்லை. வினோ சிரிக்கவில்லை.

“இப்ப என்ன, எங்கடை ஊரைப் போடப்போறியளோ?”

“நீங்கள் ஓம் எண்டாத்தான்.”

“போட்டா உங்கடை மனச்சாட்சி ஆறும். நான் நாளைக்கு ரியூசனுக்குப் போகோணும்.”

“போடாட்டி அவன் பிடிச்ச ரெண்டையும் எறிஞ்சு போடுவினம் வினோ.”

“எறியட்டுமேன். எங்களை எறியேக்கை ஆர் கேட்டவை?”

உன் அம்மாதான் பேச்சை மாற்றினார்.

“ரெண்டு பேரும் மச்சான் மச்சானெண்டு திரிஞ்சியளே, அப்ப நான் உமக்கு என்ன முறை?”

“மாமி.”

“சொல்ல வாய் நோகேல்லையே?”

“நான் இவரை அண்ணை எண்டுறன், இவர் உங்களை மாமி எண்டுறார்” என்றாள் வினோ. “உந்தக் கிளையை முதல்லை திருத்துங்கோ. தவளையைப் பிறகு பாக்கலாம்.” அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மூன்று நாளுக்குப் பிறகு குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பிரதீ அண்ணை, நேற்று இடைவேளைக்குள்ளை நானே சொல்லிப்போட்டன். ஆரும் கேக்கேல்லை. நான் புளியந்திட்டி எண்டு சொன்னன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு பாண் விலையைப் பற்றிக் கதைச்சினம். இண்டைக்கு இங்கிலிஸ் ரீச்சர் வீட்டிலையிருந்து தனக்கெண்டு ஒரு கோப்பை கொண்டு வந்திருக்கிறா. தொண்டை நோவாம். சரி. எனி உங்கடை எழுத்தாலை புதுசா ஒண்டும் நடக்காது, எழுதுங்கோ. ஆனா அரியாலைக்குக் கிட்ட, அது இது எண்டு எழுதவேண்டாம். ஊரின்ரை பேரை எழுதுங்கோ.”

வழி சொல்வதற்காக மேலே அரியாலை என்று எழுதிவிட்டேன். அதற்கு அவள் என்னை ஏசுவாள்.

அன்றைக்கே எங்கள் அம்மாவிடமும் சொன்னேன். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் குசினிக்குள் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எங்கடை கிணத்தை ஏனடா உதுக்குள்ளை எழுதுறியள்?”

“எங்கடை கிணறில்லை எண்டுதானம்மா எழுதப்போறன்.”

“அப்ப நல்லதுதானே.”

முடிந்தது. முகத்தில் நிம்மதி. மறுபடி கீரையை ஆயத் தொடங்கிவிட்டார். எத்தனை வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த சண்டை. பிடிக்க ஆள் இல்லை. குசினி வாசலில் கை தொங்க நின்றேன். கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்:

“உந்தத் தேரை எங்கடை கிணத்தடியிலும்தானே திரியுது. அதை ஏன் அந்தப் பெடியன் பிடிக்கேல்லை?”

“பிடிக்க விட்டனீங்களோ அம்மா?”

கீரைக் காம்புகளை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டிருந்தார். அம்மா கெட்டவர் இல்லை. உன் செத்தவீட்டுக்கு வந்து அழுதவர். அந்த அழுகையும் உண்மை, அந்தச் சோடாவும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்து எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தி அலுத்துவிட்டேன்.

ஒரு மடத்தனமும் செய்தேன். இப்போது எங்கள் பட்டியலில் நல்லூருக்கு ஒரு தேரையும் இல்லை. வினோவைக் கூப்பிட்டு எங்கள் கிணற்றடியில் ஒன்றைப் பிடிக்க வைத்தால் என்ன என்று யோசித்து, அவளிடம் சொல்லியும்விட்டேன். “என்னைத் தவளை பிடிக்க விடுறதோ உங்கடை சமத்துவம்?” என்று கேட்டாள். “உங்கடை அம்மா கூப்பிட்டா வாறன். தவளைக்கில்லை, தேத்தண்ணிக்கு.” அம்மாவிடம் இதையும் சொன்னேன். பார்ப்போம் என்றார். மாதம் ஒன்றாகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று கம்பஸ் குளிர்ப்பெட்டியைத் திறந்து, பதினேழையும் பதினெட்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பாதியை அனுப்பிவிட்டு மீதியை இங்கே வைத்திருந்தோமே, அவை. புதுச் சீட்டு வெட்டி, பென்சிலைக் கூராக்கி எழுதினேன். ‘புளியந்திட்டி. தயாளன் வீட்டுக் கிணற்றடி. நீலப் பரல். சேகரித்தவர்: தயாளன்.’ பழைய சீட்டை எறியவில்லை. எறியக்கூடாது என்பது இந்தத் தொழிலின் வழமை, அதை என்னைவிடக் கறாராகப் பின்பற்றியவன் நீ. பிழையான சீட்டும் திருத்திய சீட்டும் ஒரே குப்பிக்குள் இருக்கவேண்டும், பிறகு வருகிறவன் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். உன் கையெழுத்தில் நல்லூர். என் கையெழுத்தில் உன் ஊர். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஸ்பிரிட்டில் கிடக்கின்றன.

அந்த இரண்டும் எங்கள் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும். உன் பெயரும் இருக்கும். புதிய இனம் ஒன்றும் இல்லாத, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு சின்னக் கட்டுரை. இடங்களின் அட்டவணையில் நல்லூர் என்ற வரியை நான் நீக்கவில்லை. பெயரை எழுதி, பக்கத்தில் ‘சேகரிக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கிறேன். அம்மா கூப்பிடும் வரை அது அப்படியே கிடக்கும்.

உனக்கு ஒரு சொல் தருகிறேன். பெரிய சொல் எதையும் தரத் தென்பு இல்லை. இனி எந்தப் படலையிலும் என் பக்கத்தில் நிற்கிறவனுக்கு என் ஊரைக் கடன் கொடுக்க மாட்டேன். என்னைக் கேட்டால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கொளுக்கி கழலாவிட்டால் தேரையை விட்டுவிட்டு வருவேன். அடுத்த திவசத்துக்குப் புது நோட்டீஸ் அடிப்பேன். அந்தப் பெண் தலை நிமிராமல் கேட்பாள். நான் சொல்லுவேன்: புளியந்திட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட.

ஒருநாளும் உன் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திராத
உன் மச்சான்,
பிரதீபன்